பெட்ரோல் ஆவியும் செக் என்ஜின் விளக்கும்: கேள்வி பதில்

டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியைக் காற்றில் கலக்க விடாமல் பிடித்து, கரித்துகள் நிரம்பிய கேனிஸ்டரில் தேக்கி, பிறகு என்ஜினுக்கே அனுப்பி எரிப்பதுதான் ஈவாப் அமைப்பின் வேலை. கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயமானது. அடுத்த ஆண்டே அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. பாகங்கள் குறைவு, குழப்பம் அதிகம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டல்லஸிலிருந்து: செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0456 (P0456) என்ற பழுதுக் குறியீடு, அதாவது கோடு, வந்திருக்கிறது. கார் நன்றாகவே ஓடுகிறது. பணிமனையில் கேனிஸ்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றட்டுமா?

எதைச் சோதித்து அப்படிச் சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். பி0456 என்றால் எங்கோ மிகச் சிறிய கசிவு இருக்கிறது என்று மட்டுமே பொருள். அரை மில்லிமீட்டர் துளை அளவுக் கசிவைக்கூட கார் கண்டுபிடித்துவிடும். எங்கே என்று அதற்குத் தெரியாது. பி0442 வந்தால் சற்றுப் பெரிய கசிவு, பி0455 வந்தால் பெரிய கசிவு. இவற்றில் எதுவும் ஒரு பாகத்தின் பெயர் அல்ல.

பெட்ரோல் மூடியிலிருந்து தொடங்குங்கள். அதன் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா, மூடி உட்காரும் விளிம்பில் துருவோ மண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கார் நிறுவனத்தின் அசல் மூடியையே வாங்குங்கள். மலிவு மூடிகள் சில சரியாக உட்காருவதில்லை. மூடியை மாற்றியதும் விளக்கு அணையாது. கார் தன் சோதனையைப் பொதுவாக மூன்று முறை அடுத்தடுத்துத் தேறிய பிறகே அணையும். பொறுமை இல்லாமல் மறுநாளே அடுத்த பாகத்தை வாங்குபவர்கள்தான் அதிகம்.

சான் ஹோசேயிலிருந்து: அரசின் மாசுச் சோதனைக்கு (ஸ்மாக் செக்) முந்தைய நாள் ஸ்கேனரால் பழுதுக் கோடை அழித்தேன். விளக்கு எரியவில்லை. ஆனாலும் தேறவில்லை, ஏன்?

கோடை அழிக்கும்போது கார் செய்து முடித்திருந்த எல்லாச் சுயசோதனைகளின் பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும். சோதனை நிலையத்தின் கணினி முதலில் பார்ப்பது அதைத்தான். 2000 மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்குக் கலிஃபோர்னியா ஒரே ஒரு சலுகை தருகிறது: ஈவாப் சோதனை மட்டும் முடியாமல் இருக்கலாம். மற்றவை முடிந்திருக்க வேண்டும்.

ஈவாப் சோதனை ஓட டேங்க் ஏறக்குறைய 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், என்ஜின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். முழு டேங்க் நிரப்பிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாலும் அது ஓடாது. பாதி டேங்கில் சில நாள் வழக்கம்போல ஓட்டுங்கள்.

இன்னொன்று: பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் 'பிஸெட்இவி' (PZEV, மிகக் குறைந்த மாசு வெளியிடும் கார் வகை) என்று இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு 15 ஆண்டு அல்லது 1,50,000 மைல் உத்தரவாதம் உண்டு. கைக்காசு போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து: பெட்ரோல் போட்ட உடனே மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது. மற்ற நேரங்களில் குறையே இல்லை.

பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தபடி நிற்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம். கேனிஸ்டரில் தேங்கிய ஆவியை என்ஜினுக்குள் விடும் மின்வால்வு இது. மின்சாரம் இல்லாதபோது இறுக மூடியிருக்க வேண்டும். பெட்ரோல் நிரப்பும்போது டேங்கிலிருந்து விரட்டப்படும் ஆவி முழுவதும் கேனிஸ்டருக்கு வருகிறது. வால்வு திறந்திருந்தால் ஸ்டார்ட் செய்யும் நொடியில் அந்த அடர்ந்த ஆவி என்ஜினுக்குள் பாய்ந்து, காற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. வால்வை மாற்றும்வரை சமாளிக்க, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

சோதிப்பது எளிது. என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். கேனிஸ்டரிலிருந்து வால்வுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். உறிஞ்சினால் வால்வு போய்விட்டது. உறிஞ்சவில்லை என்றால் வால்வைக் கழற்றி, கைப்பம்பால் வெற்றிடம் கொடுத்து, அது தங்குகிறதா என்று பாருங்கள். 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்ற ஒலியோடு திறக்க வேண்டும். வாயால் ஊதிப் பார்க்க வேண்டாம், உள்ளே இருப்பது பெட்ரோல்.

அவரே மீண்டும்: பழைய வால்வைக் கழற்றியபோது உள்ளே கறுப்புத் துகள்கள் கொட்டின. வால்வை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. அது கேனிஸ்டரின் கரி. உள்ளே இருக்கும் தடுப்பு உடைந்து கரி குழாய் வழியே பயணம் செய்கிறது. புதிய வால்வும் விரைவில் அடைத்துக்கொள்ளும். டல்லஸ் நண்பருக்குத் தேவையில்லாத கேனிஸ்டர் உங்களுக்குத் தேவைப்படுகிறது. குழாயின் இரு முனைகளையும் கழற்றி, காற்றால் ஊதிச் சுத்தம் செய்த பிறகே புதியவற்றைப் பொருத்துங்கள்.

இரு முனையும் கழன்ற குழாயை மட்டும் ஊத வேண்டும். டேங்கோடு இணைந்திருக்கும்போது கம்ப்ரசரைக் கொண்டுபோகாதீர்கள். கேனிஸ்டர் பெரும்பாலும் டேங்குக்குப் பக்கத்தில், காருக்கு அடியில் இருக்கும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள்.

அட்லாண்டாவிலிருந்து: பெட்ரோல் போடும்போது பம்பு நொடிக்கொரு தரம் நின்றுவிடுகிறது. எல்லா பங்க்கிலும் இதே கதை.

எல்லா பங்க்கிலும் என்றால் குறை காரில்தான். டேங்குக்குள் பெட்ரோல் இறங்க, உள்ளிருக்கும் காற்று கேனிஸ்டர் வழியாக வெளியேற வேண்டும். அந்த வெளிவாசலில் இருக்கும் வென்ட் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், வழி மண்ணால் அடைந்திருக்கலாம், அல்லது சிலந்தி வலை கட்டியிருக்கலாம். வேடிக்கை இல்லை: பெட்ரோல் வாசனையை நாடிவரும் ஒருவகை மஞ்சள் சிலந்தி வென்ட் குழாயில் கூடு கட்டியதால், 2011இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. சிலந்தி நுழையாமல் இருக்க ஒரு ஸ்பிரிங்கைப் பொருத்திக் கொடுத்தார்கள்.

டொராண்டோவிலிருந்து: பெயிண்ட் டப்பாவும் பேபி ஆயிலும் வைத்து வீட்டிலேயே புகை எந்திரம் செய்யும் காணொளி பார்த்தேன். முயலலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. முறை சரியானதுதான்: வென்ட்டை அடைத்து, பர்ஜ் ஹோஸ் வழியாகப் புகையை அனுப்பினால், கசியும் இடத்தில் புகை தானே காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்த அமைப்பு தாங்குவது ஒரு பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தம். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் மாட்டினால் டேங்கும் குழாயும் சேதமாகும். பேபி ஆயிலைப் புகையாக்கும் பழுக்கக் காய்ந்த கம்பிச்சுருளைப் பெட்ரோல் ஆவிக்கு அருகே வைத்துக்கொண்டு, உள்ளே காற்றையும் செலுத்துவது அதைவிட மோசம். தேர்ந்த பணிமனைகளில் இதற்காகவே நைட்ரஜன் பயன்படுத்துகிறார்கள். புகைச் சோதனைக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, பழுதை நீங்களே சரிசெய்யுங்கள்.

உங்கள் ஊரில் பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டுவார்களே, அதனால் முதலில் பின்சக்கர மறைப்பைக் கழற்றி பெட்ரோல் ஊற்றும் இரும்புக் குழாயைப் பாருங்கள். மூடிக்குக் கீழே துரு தின்றிருந்தால் புகையே தேவையில்லை.

சியாட்டிலிலிருந்து: நள்ளிரவில், நிறுத்தி வைத்த டொயோட்டாவின் பின்பக்கம் ஏதோ ரீங்காரம் கேட்கிறது.

பழுதில்லை. பல டொயோட்டாக்களில் கேனிஸ்டரோடு ஒரு சிறு பம்பு உண்டு. என்ஜினை நிறுத்தி ஐந்து மணி நேரம் கழித்து, டேங்க் குளிர்ந்த பின் அது விழித்துக் கசிவைச் சோதிக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து: தானாக நின்ற பிறகும் ரூபாய் கணக்கு ரவுண்டாக வரும்வரை பெட்ரோல் போடச் சொல்வது வழக்கம். அதனால் கெடுதல் உண்டா?

உண்டு. கேனிஸ்டர் ஆவிக்காகச் செய்யப்பட்டது. கழுத்துவரை நிரப்பினால் திரவப் பெட்ரோலே அதற்குள் போய்க் கரியை ஊறவைத்துவிடும். சில்லறைக்காக அதைப் பாழாக்க வேண்டாம். முதல் 'டிக்'கில் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து: இந்த விளக்கை அப்படியே விட்டுவிட்டு ஓட்டினால் என்ன?

சிறு கசிவால் என்ஜின் கெடாது. ஆனால் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் நாளைக்கு வரும் வேறு பழுது உங்கள் கண்ணில் படாது. கராஜில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் கதை வேறு, அதிலும் கேஸ் வாட்டர் ஹீட்டர் அங்கேயே இருந்தால். இன்றே காரை வெளியே நிறுத்துங்கள். கோடு, ஸ்கேனர் எல்லாம் அதற்குப் பிறகு.