"பாலம் தூக்கிட்டாங்க": சியாட்டில் தூக்குப்பாலங்கள், கேள்வி பதில்

சியாட்டிலில் வேலைக்குச் சேரும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் சாக்கு ஒன்று உண்டு. "பாலம் தூக்கிட்டாங்க." மேலாளரும் மறுபேச்சுப் பேசமாட்டார். நேற்று அவரே அதைத்தான் சொல்லியிருப்பார்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: கடலிலிருந்து லேக் யூனியன் வழியாக லேக் வாஷிங்டன் ஏரி வரை போகும் கப்பல் கால்வாய், ஊரை வடக்கு, தெற்கு என்று இரண்டாக வெட்டுகிறது. அதன்மேல் சாலைக்கான நான்கு தூக்குப்பாலங்கள் இருக்கின்றன. பாலார்ட், ஃப்ரீமாண்ட் இரண்டும் 1917-இல் திறந்தவை. யுனிவர்சிட்டி பாலம் 1919, மான்ட்லேக் 1925. இவற்றைப் பற்றி எதுவும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன், கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். சிக்னல் நேரம் கணக்கிடுவதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. சனி, ஞாயிறில் 27 அடி பாய்மரப் படகு ஓட்டுகிறேன். ஆக, இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவன் நான்.

கேள்வி: சார், ஒரே ஒரு பணக்காரர் தன் படகில் ஹாயாகப் போவதற்காக இருநூறு பேர் காரில் காத்திருக்க வேண்டுமா? இது என்ன நியாயம்? மாநகராட்சி ஏன் கேட்பதில்லை? (குவீன் ஆன் மலையிலிருந்து ஒருவர்)

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் மாநகராட்சி கையில் ஒன்றும் இல்லை. பாலம் அவர்களுடையது, பராமரிப்புச் செலவும் அவர்களுடையது (மான்ட்லேக் மட்டும் மாநில அரசுடையது). எப்போது தூக்கலாம், எப்போது மறுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. முன்பு ராணுவப் பொறியாளர் பிரிவிடம் இருந்த இந்தப் பொறுப்பு 1967-இல் இவர்களிடம் வந்தது.

சட்டத்தின் பார்வை நம் பார்வைக்கு நேர்மாறானது. படகு வந்து சாலையை மறிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பாலம்தான் நீர்வழியை மறிக்கிறது, அனுமதி வாங்கிக்கொண்டு மறிக்கிறது என்கிறது சட்டம். அனுமதியின் நிபந்தனையே "கேட்டால் தூக்க வேண்டும்" என்பதுதான். லண்டனிலும் இதே கதை. 1997-இல் டவர் பிரிட்ஜைக் கடந்த கிளிண்டனின் கார் அணிவகுப்பு, முன்பதிவு செய்திருந்த ஒரு பழைய பாய்மரப் படகுக்காக இரண்டாகப் பிரிந்து நின்றது. அமெரிக்க ஜனாதிபதிக்கே அந்தக் கதி என்றால் உங்கள் ஒன்பது மணி மீட்டிங் எம்மாத்திரம்!

அப்புறம், "பணக்காரர்" பற்றி ஒரு வார்த்தை. என் படகின் விலைக்கு உங்கள் காரின் பாதியைக்கூட வாங்க முடியாது.

கேள்வி: நான்கு பாலம் இருந்தும் ஃப்ரீமாண்ட் மட்டும் ஏன் சும்மா சும்மா தூக்குகிறது?

பதில்: குள்ளமாக இருப்பதால். மூடியிருக்கும்போது தண்ணீருக்கும் பாலத்துக்கும் இடையே 30 அடிதான். மற்ற மூன்றும் நடுப்பகுதியில் 40 அடிக்கு மேல். என் படகின் பாய்மர உச்சி தண்ணீரிலிருந்து சுமார் 38 அடி. பாலார்டில் தலையை ஆட்டிக்கொண்டே கடந்துவிடுவேன், ஃப்ரீமாண்டில் ஹாரன் அடித்துத்தான் ஆக வேண்டும். நடுத்தரப் பாய்மரப் படகுகள் பலவும் இந்த உயரத்தில்தான் இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சராசரியாக 35 தடவை தூக்குகிறது. உலகிலேயே அதிகம் தூக்கப்படும் பாலங்களில் ஒன்று என்று ஊர்க்காரர்கள் பெருமை பேசுவதற்குக் காரணம் இந்தப் பத்தடிக் குறைவுதான்.

கேள்வி: நெரிசல் நேரத்தில் தூக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் தினமும் மாலை 6:02-க்கு நான் மாட்டிக்கொள்வது எப்படி? எனக்கென்று ஏதாவது சாபமா அண்ணா?

பதில்: சாபம் இல்லை தம்பி, விதியே அப்படித்தான் எழுதியிருக்கிறது. வார நாட்களில் காலை 7 முதல் 9 வரை, மாலை 4 முதல் 6 வரை 1,000 டன்னுக்குக் குறைந்த படகுகளுக்குத் தூக்க வேண்டியதில்லை. (மான்ட்லேக்குக்கு மாலை நேரம் இன்னும் நீளம்.) மத்திய அரசு விடுமுறை நாட்களில் இந்த விலக்கு கிடையாது, கொலம்பஸ் தினம் தவிர. அன்று அலுவலகங்கள் பெரும்பாலும் இயங்கும் என்பது யாரோ கவனித்து எழுதிய வரி.

ஐந்தரைக்கு வந்த படகு எங்கே போகும்? பாலத்தடியிலேயே வட்டம் போட்டுக்கொண்டு நிற்கும். ஐந்தே முக்காலுக்கு இன்னொன்று சேரும். 6 மணிக்கு மொத்தமும் ஹாரன் அடிக்கும். விதி காத்திருப்பை அழிக்கவில்லை, 6 மணிக்குத் தள்ளி வைத்திருக்கிறது. அந்தத் தள்ளிவைப்பு லாபமா என்றால், லாபம்தான். கணக்கைப் பாருங்கள்.

ஒரு லேனில் மணிக்கு 600 கார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் அடைத்தால் 50 கார் நிற்கும். தடை எடுத்ததும் ஒரு லேன் நிமிடத்துக்குச் சுமார் 30 காரை வெளியே விடும். அதே நிமிடத்தில் புதிதாக 10 கார் வால் பக்கம் வந்து சேரும். நிகரமாக 20 குறைகிறது. இரண்டரை நிமிடத்தில் வரிசை காலி.

அதே லேனில் மணிக்கு 1,500 கார் வரும் உச்ச நேரம். அதே ஐந்து நிமிட அடைப்பு. இப்போது நிற்பது 125 கார். நிமிடத்துக்கு 30 போகும், 25 வரும். குறைவது வெறும் 5. வரிசை கரைய 25 நிமிடம் ஆகும். அதற்குள் இன்னொரு படகு வந்துவிட்டால் அவ்வளவுதான். கார் எண்ணிக்கை இரண்டரை மடங்குதான் கூடியது, வரிசை கரையும் நேரமோ பத்து மடங்கு. இந்த ஒரு கணக்குதான் நெரிசல் நேரத் தடையின் மொத்த நியாயமும்.

அதனால் "ஒரு நாளைக்கு எத்தனை தடவை" என்று சண்டை போடுவது வீண். மதியம் இரண்டு மணிக்குப் பத்துத் தடவை தூக்கினாலும் தேவலை, ஐந்தேகாலுக்கு ஒரு தடவை தூக்கக்கூடாது. இதையே இன்னும் நீட்டி மாலை 7 வரை தடை போடலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் தள்ளிவைத்த படகெல்லாம் 7 மணிக்குச் சேரும், தூக்கும் நேரம் நீளும். கோடைக்காலத்தில் வேலை முடித்துப் படகெடுக்கும் மொத்தக் கூட்டமும் அந்த நேரத்தில்தான் தண்ணீரில் இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை சொந்த அனுபவம். 5:40-க்கு ஃப்ரீமாண்டுக்குக் கிழக்கே வந்து சேர்ந்தேன். முன்னால் மூன்று படகு, பின்னால் இரண்டு. காற்று முதுகுப்பக்கம் தள்ளுகிறது. படகுக்கு பிரேக் கிடையாது, எஞ்சினை முன்னும் பின்னும் போட்டுப் போட்டு ஒரே இடத்தில் நிறுத்தப் பார்க்கிறேன். 6 மணிக்கு ஹாரன், மணி, தடுப்புக்கட்டை, நீலமும் ஆரஞ்சுமான இரண்டு இலைகள் (பாலத்தின் தூக்கும் பாதிகள்) மேலே எழுந்தன. நான் நடுவில் போகும்போது போன் அதிர்ந்தது. பாலத்தின் தென்பக்கம் காரில் நின்றுகொண்டிருந்த என் மனைவியிடமிருந்து ஒரே சொல்: "நீங்களா?"

கேள்வி: ரயில் மாதிரி அரை மணிக்கு ஒரு தடவை என்று நேரம் குறித்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி இல்லையா?

பதில்: மான்ட்லேக்கில் வார நாள் மதியத்தில் அப்படித்தான், மணிக்கும் அரை மணிக்கும் மட்டும். காரில் போகிறவருக்கு எப்போது தூக்கும் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம். 2:30-க்குத் தூக்கும் என்று தெரிந்தால் 2:25-க்கே கடப்பார், இல்லை வேறு வழி போவார்.

சிக்கல் படகுப் பக்கம். பாலம் ஒன்று என்றால் பரவாயில்லை. வரிசையாக நான்கைந்து பாலம் இருந்து, எல்லாமே மணிக்கும் அரை மணிக்கும் தூக்கினால், முதல் பாலத்தைக் கடந்தவர் இரண்டாவதில் ஒரு நிமிடத்தில் கோட்டைவிட்டு அரை மணி நிற்பார். ஃப்ளோரிடாவின் கரையோர நீர்வழியில் இதற்காகவே மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள்: ஒரு பாலம் மணிக்கும் அரைக்கும், அடுத்தது காலுக்கும் முக்காலுக்கும். சாலையில் பச்சை விளக்கை அலை அலையாக வைப்போமே, அதே தந்திரம், படகு வேகத்துக்கு.

சிகாகோ இன்னும் ஒரு படி மேலே. குளிர்காலத்தில் படகுகளை நிறுத்திவைக்கும் முற்றங்களிலிருந்து வசந்தத்தில் மிச்சிகன் ஏரிக்குப் போகும் பாய்மரப் படகுகளைச் சேர்த்து ஊர்வலமாகக் கூட்டிப்போகிறார்கள், புதன், சனி என்று கிழமை குறித்து. இருபதுக்கும் மேற்பட்ட பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து இறங்கும். இலையுதிர் காலத்தில் அதே ஊர்வலம் திரும்பி வரும். சும்மா வந்துவிடவில்லை இந்த ஏற்பாடு. படகு முற்றக்காரர்கள் நீதிமன்றம் வரை போன பிறகுதான் வந்தது.

கேள்வி: 1,000 டன்னுக்கு மேல் என்றால் மட்டும் எந்த நேரமும் தூக்க வேண்டுமா? பெரியவனுக்கு ஒரு நீதியா?

பதில்: சலுகை இல்லை, பயம். ஆயிரம் டன் பார்ஜை (தட்டையான சரக்குப் படகை) இழுத்து வரும் டக் போட்டை (இழுவைப் படகை) "நில்" என்றால் நிற்காது. பழைய மேற்கு சியாட்டில் பாலத்தை 1978 ஜூனில் ஒரு சரக்குக் கப்பல் மோதியது. பாலம் தூக்கிய நிலையிலேயே செயலிழந்து நின்றது. அதன் பிறகுதான் 1984-இல் உயரமான பாலம் வந்தது. அதுவும் விரிசல் விட்டு 2020 மார்ச் முதல் 2022 செப்டம்பர் வரை மூடிக் கிடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

கேள்வி: அப்படியானால் நான்கையும் இடித்துவிட்டு உயரமாகக் கட்டவேண்டியதுதானே?

பதில்: ஃப்ரீமாண்டுக்குப் பக்கத்திலேயே 1932-இல் கட்டிய அரோரா பாலம் நிற்கிறது, தண்ணீரிலிருந்து 160 அடிக்கு மேல். பாய்மரம் எதுவும் தொடாது. ஆனால் அதில் ஏறினால் ஃப்ரீமாண்ட் கடைத்தெருவில் இறங்க முடியாது. ஊரின் தலைக்கு மேலே பறந்துவிடுவீர்கள். 30 அடிப் பாலத்தை 150 அடியாக்க, நூற்றுக்கு ஐந்து சரிவில் இரண்டு பக்கமும் தலா 2,400 அடி கூடுதல் ஏற்றம் வேண்டும். அந்த நீளத்துக்குள்தான் நீங்கள் காபி குடிக்கும் கடையெல்லாம் இருக்கிறது.

கேள்வி: ஆம்புலன்ஸ் வந்தால்?

பதில்: அவசர ஊர்தி வருகிறது என்று நம்பகமான தகவல் கிடைத்தால், அது வந்து சேரும் நேரத்தில் பாலம் மூடியிருக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. தண்ணீரிலும் அப்படித்தான்: ஆபத்தில் இருக்கும் படகு, புயலுக்கு ஒதுங்க வரும் படகு ஐந்து குட்டை ஊதல் கொடுத்தால் தடை நேரத்திலும் தூக்குவார்கள்.

கேள்வி: கோடையில் பாலத்துக்குத் தண்ணீர் அடிக்கிறார்களே, கழுவுகிறார்களா?

பதில்: குளிப்பாட்டுகிறார்கள். வெயிலில் இரும்பு விரியும். இரண்டு இலைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி அடைந்துபோனால் தூக்கவும் முடியாது, தூக்கினால் சரியாகப் பொருந்தவும் செய்யாது.

கேள்வி: ஐயா, எனக்குத் தெரிந்த ஒரே தூக்குப்பாலம் பாம்பன். அங்கே ஏன் இந்தச் சண்டை இல்லை? (ராமநாதபுரத்துக்காரர், இப்போது பெல்வியூ)

பதில்: நல்ல கேள்வி. பாம்பனில் சாலை சண்டைக்கே வருவதில்லை. 1988-இல் திறந்த சாலைப் பாலம் உயரத்தில் போகிறது, படகுகள் அடியில் போய்விடும். தூக்க வேண்டியது ரயில் பாலம் மட்டும். ரயிலுக்கு அட்டவணை உண்டு, எந்த நேரம் தண்டவாளம் காலியாக இருக்கும் என்று முன்பே தெரியும். அந்த இடைவெளியில் காத்திருக்கும் கப்பல்களையும் விசைப்படகுகளையும் வரிசையாக விட்டுவிடலாம். கார்களுக்கு அட்டவணை கிடையாது. எங்கள் தலைவலியே அதுதான்.

1914-இன் பழைய பாலத்தின் இரண்டு கைகளையும் ஆட்கள் நின்று சுழற்றித் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகிறது.

கேள்வி: அங்கிள், நாங்கள் வாடகைக்கு ஒரு சின்ன மோட்டார் படகு எடுக்கிறோம். ஹாரன் அடித்தால் எங்களுக்காகவும் பாலம் தூக்குவார்களா? (என் பத்து வயது மகள் கேட்கச் சொன்னாள்)

பதில்: பாப்பாவிடம் சொல்லுங்கள்: நீளமாக ஒன்று, ஐந்து வினாடி, உடனே குட்டையாக ஒன்று, ஒரு வினாடி. பாலத்தின் கோபுரத்தில் இருப்பவர் அதையே திருப்பி ஊதினால் தூக்கப்போகிறார் என்று அர்த்தம். ஐந்து குட்டை ஊதல் வந்தால் "இப்போது முடியாது". ஆனால் அடியில் போக இடம் இருந்தும் தூக்கச் சொல்வது சட்டப்படி தப்பு. மடக்கக்கூடிய ஆன்டெனாவைக்கூட மடக்கிவிட்டுத்தான் கேட்க வேண்டும். உங்கள் படகு பத்தடி இருக்குமா? ஃப்ரீமாண்டுக்கு அடியில் மெதுவாகப் போங்கள். கடக்கும்போது வடமேற்குக் கோபுரத்தின் ஜன்னலைக் காட்டுங்கள். நியான் விளக்கில் நீளக் கூந்தலைத் தொங்கவிட்டபடி, தேவதைக் கதையில் வரும் ரப்பன்ஸல் இருப்பாள்.