ஹாப்கின்ஸ் கிராமத்து மனிதர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு சேகோ மில்லில் கணக்கு எழுதுகிறேன். மரவள்ளியை எந்த நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று தேடியபோது, மத்திய அமெரிக்காவில் பெலீஸ் நாட்டின் கரீபியக் கரையில் உள்ள ஹாப்கின்ஸ் என்ற கிராமம் கண்ணில் பட்டது. 2010 கணக்கெடுப்பில் சுமார் 1,600 பேர். கரிஃபுனா இனத்தவராம். படங்களில் ஆப்பிரிக்கர்களைப் போல இருக்கிறார்கள். பேசுவதோ பூர்வகுடி மொழி என்கிறார்கள். உண்மையில் இவர்கள் யார், ஆப்பிரிக்கர்களா, பூர்வகுடிகளா? இத்தனை சின்ன ஊருக்கு எழுதும்படியான வரலாறு இருக்கிறதா? அப்புறம், மரவள்ளியை எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

வி.,
நாமக்கல் மாவட்டம்

அன்புள்ள வி.,

முதல் கேள்வியை நீங்கள் ஆர்வத்தில் கேட்கிறீர்கள். இதே கேள்வியை 1796இல் பிரிட்டிஷ்காரர்களும் கேட்டார்கள். பதிலையும் அவர்களே முடிவு செய்தார்கள். அந்த முடிவில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் செத்தார்கள். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

கரிஃபுனாக்களின் பூர்வீகம் பெலீஸ் அல்ல, கிழக்குக் கரீபியனில் உள்ள செயின்ட் வின்சென்ட் தீவு. அங்கே கரிப், அரவாக் வழிவந்த பூர்வகுடிகள் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் கப்பல் உடைந்து கரைசேர்ந்த ஆப்பிரிக்கர்களும், பார்படோஸ் தோட்டங்களிலிருந்து தப்பிவந்த அடிமைகளும் அவர்களோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். பெண் கொடுத்து, பெண் எடுத்து, சில தலைமுறைகளில் ஒரே ஜனமாகிவிட்டார்கள். 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் தீவு பிரிட்டன் கைக்குப் போனது. கரும்பு விளையும் நல்ல மண் இவர்களிடம் இருந்தது. சண்டைக்கு மூலம் அதுதான். இவர்களுடைய தலைவர் சட்டோயர் 1795 மார்ச் 14 அன்று கொல்லப்பட்டார். மறு ஆண்டு எதிர்ப்பு ஒடுங்கியது.

பிடிபட்டவர்களை நிறம் பார்த்துப் பிரித்தார்கள். ‘கறுப்பு கரிப்’, ‘மஞ்சள் கரிப்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். பூர்வகுடிச் சாயல் தெரிந்தால் தீவிலேயே இருக்கலாம், கறுப்பாக இருந்தால் நாடுகடத்தல். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் ஒரு நிறம், தம்பி ஒரு நிறம் என்பதை நாம் வீட்டுக்கு வீடு பார்க்கிறோமே. அந்த வரிசையில் நின்ற குடும்பங்களை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை.

நாலாயிரம் பேருக்கு மேல் பாலிசோ என்ற குட்டித் தீவில் அடைத்தார்கள். நல்ல தண்ணீர் கிடையாது. நோய் வந்து சில மாதங்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களை 1797 ஏப்ரலில் ஹோண்டுராஸ் கரைக்கு அப்பால் ரோவாத்தான் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். இறங்கியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். இன்று ஹோண்டுராஸ், குவாத்தமாலா, பெலீஸ், நிகரகுவா கரைகளிலும் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருக்கும் கரிஃபுனாக்கள் அந்தச் சொச்சத்தின் பேரப்பிள்ளைகள். ஹாப்கின்ஸில் 1,600 பேர் என்பது எனக்குச் சின்ன எண்ணாகப் படவில்லை.

சரி, ஆப்பிரிக்கர்களா பூர்வகுடிகளா? அவர்கள் எண்ணுவதைக் கேளுங்கள். ஒன்று அபான், இரண்டு பியாமா, மூன்று ஊருவா. இவை பூர்வகுடிச் சொற்கள். நான்கு வந்ததும் காதுரு, ஐந்து செயிங்கு, ஆறு சிசி என்று பிரெஞ்சுக்குத் தாவிவிடும். தீவில் பிரெஞ்சுக்காரர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த காலத்தின் தடம் அது. ‘நான்’ என்பதற்கு ஆண்களின் வழக்கில் ‘அவு’, அது கரிப் சொல். பெண்களின் வழக்கில் ‘நுகுயா’, அது அரவாக். இலக்கணமும் பெரும்பாலும் அரவாக்தான். ஆப்பிரிக்க முகத்தோடு இந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரிடம் எதைக் கழித்துவிட்டு எதை உண்மை என்பது? கேட்டால் கரிஃபுனா என்று சொல்வார்கள். அதற்குமேல் நாம் துருவ வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பெலீஸ் கரைக்கு 1802லேயே சிலர் வந்துவிட்டார்கள். பெரிய கூட்டம் வந்திறங்கிய நாளாகக் கொண்டாடுவது 1832 நவம்பர் 19. இன்றும் அந்த நாளில் விடியற்காலை மேளத்தோடு படகுகளில் வந்து கரையிறங்கிக் காட்டுகிறார்கள். 1977 முதல் அது நாடு முழுவதற்கும் விடுமுறை. ஹாப்கின்ஸ் அதற்கெல்லாம் பிந்திய ஊர். நியூடவுன் என்ற கிராமம் 1941 புயலில் அழிந்துபோக, அங்கிருந்தவர்கள் மறு ஆண்டு வந்து குடியேறிய இடம் இது. 1923இல் கடலில் மூழ்கி இறந்த ஒரு கத்தோலிக்க பிஷப்பின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். 1961இல் ஹாட்டி புயல் மறுபடி அடித்தது. மறுபடி வீடு கட்டினார்கள்.

இப்போது எனக்குக் கவலை புயல் அல்ல. கடலோர மனைகள் ரிசார்ட்டுகளுக்கும் வெளிநாட்டவருக்கும் போகின்றன, பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போகிறார்கள், வீட்டுக்குள் கிரியோல் என்ற கலப்பு மொழியும் ஆங்கிலமும் வந்துவிட்டன. கரிஃபுனா மொழி, நடனம், இசையை 2001லேயே யுனெஸ்கோ சிறப்பித்தது, நல்ல விஷயம். ஆனால் ஊரின் தலைக்கட்டு கூடிக்கொண்டே போய், அபான், பியாமா என்று எண்ணத் தெரிந்த பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தால் அந்தக் கணக்கெடுப்பை வைத்து என்ன செய்வது?

மரவள்ளிக்கு வருகிறேன். அவர்கள் எடுப்பது கசப்பு மரவள்ளி, சாற்றில் நஞ்சு உண்டு. பெண்கள் கூடி உட்கார்ந்து, சிறு கற்கள் பதித்த பலகையில் கிழங்கைத் துருவுவார்கள். துருவலை ரூகுமா என்ற நீளமான பின்னல் குழாயில் திணித்து, மேல்முனையை உயரத்தில் மாட்டி, கீழ்முனையில் பாரம் ஏற்றுவார்கள். குழாய் நீள நீள ஒடுங்கும், நஞ்சுச் சாறு வடிந்துவிடும். உலரவிட்டுச் சலித்து, பெரிய இரும்புக் கல்லில் வட்டமாகப் பரப்பிச் சுட்டால் எரெபா. அப்பளம்போல மொறுமொறுப்பாக இருக்கும், மாதக்கணக்கில் கெடாது. உங்கள் மில்லில் பாலைப் பிடித்து ஜவ்வரிசிக்கு வைத்துக்கொண்டு, மிஞ்சும் சக்கையான திப்பியை மாட்டுத்தீவனத்துக்கு அனுப்புவீர்கள். அவர்களுக்கு அந்தத் திப்பியோடு சேர்ந்ததுதான் ரொட்டி.

அன்புடன்