பம்பை மாற்றும் முன் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: தேவகோட்டை அருகே கண்மாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறேன். டிராக்டரில் கலப்பையைத் தூக்கும்போது கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் வருகிறது. லிஃப்ட் நடுங்கி நடுங்கி ஏறுகிறது. இரண்டு ஆண்டுக்கு முன் மாற்றிய ஹைட்ராலிக் பம்பைப் பிரித்தால் உள்ளே குழி குழியாக இருக்கிறது. துரு என்கிறார் மெக்கானிக். படம் அனுப்பியிருக்கிறேன். மறுபடியும் புது பம்ப் வாங்க வேண்டுமா ஐயா?

பதில்: வாங்க வேண்டியிருக்கும், ஆனால் இன்றைக்கு வேண்டாம். காரணம் தெரியாமல் பூட்டினால் மூன்றாவது பம்புக்கும் இதே கதிதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவர்போல வழவழவென்று இருக்க வேண்டிய தகடு, வெட்டியெடுத்த செம்பூராங்கல்போல் இருக்கிறது. துரு என்றால் செம்பொடி படிந்திருக்கும். மண் புகுந்திருந்தால் நீளநீளமாகக் கீறியிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. எண்ணெய் நுழையும் வாயை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் கொத்தாகக் குழிகள். இதைக் கேவிட்டேஷன் என்பார்கள்.

பம்ப் இழுக்கும் வேகத்துக்கு எண்ணெய் வந்து சேராவிட்டால், உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் சரிந்துவிடும். அழுத்தம் மிகவும் குறைந்தால் சூடேற்றாமலே திரவம் கொதித்துக் குமிழி விடும். எண்ணெயில் கரைந்திருந்த காற்றும் பிரியும். அந்தக் குமிழிகள் வாயைத் தாண்டி அழுத்தம் கூடும் இடத்துக்குப் போனதும் நசுங்குகின்றன. நசுங்கும்போது எண்ணெய் ஊசிபோலப் பாய்ந்து உலோகத்தைக் குத்துகிறது. ஓயாமல் குத்து விழ விழ, உலோகம் துகளாகப் பெயர்கிறது. நீங்கள் கேட்ட கூழாங்கல் சத்தம் குமிழிகள் உடையும் சத்தம். கப்பல்களின் உந்துவிசிறிகளையே இது அரித்திருக்கிறது. குமிழி நசுங்கும்போது எழும் அழுத்தத்தை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1917-ல் கணக்கிட்டுக் காட்டினார்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்துவிட்டு எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். அடுத்து உறிஞ்சும் பக்க வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சேற்றுழவு வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். போன முறை பம்பை மாற்றியவர் இதைக் கழற்றினாரா என்று கேளுங்கள். உறிஞ்சு குழாய் இணைப்பின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) தளர்ந்திருந்தாலும் காற்று புகுந்து இதே சத்தம் வரும். கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியான எண்ணெய் ஊற்றியிருந்தாலும் பம்புக்குப் பட்டினிதான்.

எண்ணெய் வெளுத்துத் தெரிந்தால், கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரவு முழுவதும் வையுங்கள். வெண்மை போய்த் தெளிந்து, அடியில் நீரும் இல்லை என்றால் கலந்திருந்தது காற்று. பால்போலவே நின்றாலோ, அடியில் நீர் தங்கினாலோ தண்ணீர் புகுந்திருக்கிறது. எந்த சீல் வழியாக என்று தேட வேண்டும்.

புது பம்பைப் பூட்டும் முன் பழைய எண்ணெயை முழுவதும் வடித்து, தொட்டியைத் துடைத்துவிடுங்கள். பெயர்ந்த உலோகத் துகள்கள் அதில்தான் கிடக்கின்றன.