சோயா வயலில் தண்ணீர் தேங்குகிறதா? கலப்பையை இறக்கும் முன்…

கேள்வி: எங்களுடையது கரிசல் நிலம். சோயா விதைத்து ஒரு மாதத்தில் பெருமழை பிடித்தது. மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை, செடிகள் மஞ்சளாகிவிட்டன. அடுத்த பட்டத்துக்குச் சட்டிக்கலப்பை போட்டு ஆழ உழுதால் சரியாகுமா?

பதில்: முதலில் தண்ணீர் எங்கே தடைபடுகிறது என்று பாருங்கள். மஞ்சளான செடி ஒன்றை வேரோடு தோண்டி எடுங்கள். ஆணிவேர் நேரே இறங்காமல் அரை அடியில் பக்கவாட்டில் மடங்கியிருந்தால், கீழே மண் இறுகிப் பலகையாகிவிட்டது. வேர் முடிச்சை நறுக்கியும் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தருகிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. முடிச்சில் உள்ள ரைசோபியம் என்ற பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். மண்ணின் துளைகளெல்லாம் தண்ணீரால் நிரம்பினால் அது கிடைப்பதில்லை. அதனால்தான் அடியிலைகள் முதலில் வெளுக்கின்றன. நுனி இலைகள் மட்டும் வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் சகஜம். தண்ணீர் தேங்கினால் இன்னும் கூடும்.

மண் இறுகியிருந்தால் மண்ணைப் புரட்டிப் போடும் சட்டிக்கலப்பை வேண்டாம், புரட்டாமல் ஆழத்தில் கீறி உடைக்கும் உளிக்கலப்பைதான் சரி. அரை மீட்டர் இடைவெளியில், ஒன்றேகால் அடி ஆழம் வரை, நெடுக்கும் குறுக்குமாக ஓட்டுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். மண் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காய்ந்த மண்தான் உடைந்து விரிசல் விடும்; ஈர மண்ணில் உளி வழவழவென்று மெழுகிவிட்டுப் போகும். கலப்பை இறங்கும் ஆழத்து மண்ணைக் கையில் உருட்டுங்கள். கயிறாகத் திரிந்தால் டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஈரத்தில் ஓட்டிய ரோட்டவேட்டரும் டிராக்டரின் எடையும்தான் பல நிலங்களில் அந்த இறுக்கத்தையே உண்டாக்கியவை.

ஆனால் கரிசலில் உழவு பாதி வேலைதான். கோடையில் தானே வெடிக்கும் மண், மழையில் உப்பி அத்தனை விரிசலையும் மூடிக்கொள்ளும். எவ்வளவு ஆழ உழுதாலும் வடிகால் இல்லாத வயல் அண்டாவாகவே இருக்கும். உழுத ஆழத்துக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேங்கும். இங்கே தண்ணீரை மேலோடு வெளியேற்றுவதே வழி. இதற்கென்றே ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிலையம் அகலப் பாத்தி முறையை வகுத்தது: 1 மீட்டர் மேட்டுப்பாத்தி, பக்கத்தில் தண்ணீர் ஓட அரை மீட்டர் சால் (பள்ளம்). மத்தியப் பிரதேசக் கரிசலில் சோயாவுக்கு இன்றும் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். பாத்திக்கு 3 வரிசை, வரிசைக்கிடையே 30 செ.மீ. 100 அடிக்கு அரை அடி சரிவு இருந்தால் தண்ணீர் மண்ணை அரிக்காமல் நகரும். சால்கள் போய்ச் சேர வயலின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு வடிகால் வாய்க்கால் வேண்டும். அதை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பாத்தி பிடியுங்கள்.

இப்போது நிற்கும் பயிருக்கு: மண் காலில் ஒட்டாத பதம் வந்ததும் நான்கைந்து வரிசைக்கு ஒரு சால் இழுத்து வடிகாலோடு சேர்த்துவிடுங்கள்.