பதினாறு ஆட்ட இடைவெளி

அன்புள்ள ஐயா,

வணக்கம். விளையாட்டுப் பத்திகளைப் பற்றி முன்பு நீங்கள் எழுதிய குறிப்பில், "வலுவில் ஏணி வைத்தாலும் எட்டாத இரண்டு அணிகள் மோதும்போது எழுதப்படும் முன்னோட்டத்தைத்தான் முதலில் படிப்பேன்" என்று சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய கோபம் கிளம்பிவிட்டது.

நான் பல வருடங்களாக அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பால் என் மகள் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. அவள் எங்கள் ஊர் அணியான அரிசோனா டயமண்ட்பேக்ஸின் ரசிகை. 2023 அக்டோபரில் எங்கள் அணி லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுடன் ஐந்து ஆட்டத் தொடர் (முதலில் மூன்று ஜெயிப்பவர்களுக்குத் தொடர்) ஆட வேண்டியிருந்தது. தொடருக்கு முன் கண்ணில் பட்ட முன்னோட்டங்களை எல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் ஒரே பாட்டு: டாட்ஜர்ஸ், டாட்ஜர்ஸ். "மூன்றாவது ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கோம், அதுவே கடைசி ஆட்டமா இருக்கலாம், மனசைத் தயார் பண்ணிக்கோ" என்று அவளிடம் சொல்லியும் வைத்தேன். அதுவேதான் கடைசி ஆட்டம். ஆனால் வெளியேறியது அவர்கள்.

என் கேள்வி இரண்டு. இப்படித் தவறாக எழுதுகிறவர்களை ஏன் படிக்க வேண்டும்? அல்லது பேஸ்பாலே வெறும் அதிர்ஷ்டம்தானா? என் மகள் இன்னொன்றும் கேட்கச் சொன்னாள். அப்படியென்றால் டாட்ஜர்ஸ் அந்த வருடம் ஜெயித்த 100 ஆட்டங்கள் எதற்கு?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் என் பங்கு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த வாரம் நண்பர் ஒருவர் கேட்டதற்கு, "மூணே ஆட்டத்தில் முடிஞ்சிடும் பாருங்க" என்றேன். மூன்றே ஆட்டத்தில்தான் முடிந்தது. அந்த நண்பர் இன்றுவரை இதை விடவில்லை.

பேஸ்பால் பின்பற்றாதவர்களுக்காக நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேஜர் லீகில் ஒவ்வோர் அணியும் ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். 2023இல் டாட்ஜர்ஸ் 100 வெற்றி, 62 தோல்வி. அதே பிரிவில் இரண்டாவதாக வந்த அரிசோனா 84 வெற்றி, 78 தோல்வி. அதாவது பதினாறு ஆட்டம் பின்னால். வருடம் முழுக்க அரிசோனா எடுத்த ரன்களைவிடக் கொடுத்த ரன்கள் 15 அதிகம். பிளே ஆஃபுக்குள், அதாவது அக்டோபரில் நடக்கும் தோற்றால் வெளியேறும் சுற்றுகளுக்குள், கடைசி ஆளாக நுழைந்த அணி அது. இரண்டு வருடம் முன்பு, 2021இல், 110 ஆட்டம் தோற்றிருந்தது.

இதைப் பார்த்துவிட்டு டாட்ஜர்ஸ் ஜெயிக்கும் என்று எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. "ஜெயிக்கும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்களே, அதில்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 100 ஆட்டம் ஜெயித்த அணியும் 84 ஆட்டம் ஜெயித்த அணியும் மோதினால், வெற்றி விகிதங்களை வைத்துப் பார்க்கும்போது பெரிய அணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபது. ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். அந்த வருடம் இவ்விரண்டு அணிகளும் 13 முறை மோதி, டாட்ஜர்ஸ் 8 முறை ஜெயித்திருந்தார்கள். கிட்டத்தட்ட அதே அறுபது. ஐந்து ஆட்டத் தொடர் என்றால் அந்த அறுபது, அறுபத்தெட்டாக ஏறும். அவ்வளவுதான். ஏழு ஆட்டத் தொடராக இருந்தாலும் எழுபத்தொன்றைத் தாண்டாது. மூன்று தடவை இந்தத் தொடரை ஆடினால் ஒரு தடவை அரிசோனா ஜெயிக்கும். மூன்றில் ஒன்று நடந்ததற்குப் பெயர் அதிசயமா? ஆடி மாதத்தில் காற்றடித்த மாதிரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஐப்பசியில் ஒரு நாள் வெயிலடித்த மாதிரி என்று சொல்லலாம்.

கிரிக்கெட்டில் வளர்ந்த நம் கண்ணுக்கு இது பிடிபடுவது கஷ்டம். நமக்கு மோசமான அணி என்றால் வந்தால் தோற்கும். பேஸ்பாலில் அப்படியில்லை. 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. நவீன காலத்தில் அவ்வளவு தோல்வி யாருக்கும் கிடையாது. அந்த அணியும் 41 ஆட்டம் ஜெயித்தது. நாலில் ஒன்று! இந்த விளையாட்டில் அடிமட்டத்துக்கும் உச்சிக்கும் நடுவே இருக்கும் தூரம், பட்டியலில் தெரிவதைவிடக் குறைவு.

சரி, இது வெறும் காசைச் சுண்டிவிடுவது மாதிரி அதிர்ஷ்டம்தானா என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. இல்லை. எனக்குப் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது.

162 ஆட்டங்கள் எதை அளக்கின்றன? ஓர் அணியின் அகலத்தை அளக்கின்றன. முதலில் பந்து வீசத் தொடங்கும் பிட்சரை ஸ்டார்ட்டர் என்பார்கள். பொதுவாக ஓர் அணியில் ஐந்து பேர் முறை வைத்து வீசுவார்கள். ஒருவர் இன்று வீசினால் அடுத்து வீச ஐந்தாறு நாள் ஆகும். இவருக்குக் கை வலி, அவருக்கு முதுகுப் பிடிப்பு என்று ஆறு மாதம் ஓடும். யாரிடம் மாற்று ஆள் அதிகமோ அவர்கள் மேலே போவார்கள். டாட்ஜர்ஸிடம் பணமும் ஆளும் இருந்தது, போனார்கள். அக்டோபர் இந்த அகலத்தை அளப்பதில்லை. இன்று இரவு பந்து வீசும் மேட்டில் ஏறி நிற்கும் அந்த ஒரு ஆளை அளக்கிறது. கிரிக்கெட்டில் ஒரு பவுலர் அடி வாங்கினால் கேப்டன் மாற்றுவார், பத்து ஓவர் கழித்து வேறு முனையில் திரும்பக் கொண்டுவருவார். இங்கே ஒருவரை வெளியே எடுத்தால் எடுத்ததுதான், அன்றைக்கு அவர் திரும்பி வர முடியாது. முதல் இன்னிங்ஸிலேயே ஸ்டார்ட்டர் உடைந்துவிட்டால், மீதி எட்டு இன்னிங்ஸையும் புல்பென்னில் உட்கார்ந்திருக்கும் துணை பிட்சர்களைக் கொண்டு ஒட்டுப்போட வேண்டும்.

ஆகவே அந்த வாரம் ஒழுங்கான முன்னோட்டம் ஒன்று எழுதியிருந்தால், புள்ளிப் பட்டியலை ஒரே வரியில் முடித்துவிட்டு டாட்ஜர்ஸின் மூன்று ஸ்டார்ட்டர்கள் யார் என்று கேட்டிருக்க வேண்டும். வாக்கர் பியூலர், டஸ்டின் மே, டோனி கான்சலின் மூவரும் காயத்தால் இல்லை. மிச்சம்? முதல் ஆட்டத்துக்கு 35 வயது கிளேட்டன் கெர்ஷா. அவர் தலைமுறையின் ஆகப்பெரிய பிட்சர்களில் ஒருவர், ஆனால் தோள்பட்டையில் பிரச்சினை, பந்தின் வேகம் குறைந்திருந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு பாபி மில்லர், முதல் வருடப் பையன். மூன்றாவதற்கு லான்ஸ் லின். அந்த வருடம் லீகிலேயே அதிக ஹோம் ரன் (நம்மூர் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) கொடுத்தவர், 44. இதெல்லாம் யாரும் தோண்டி எடுக்க வேண்டிய ரகசியம் இல்லை. தொடருக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அரிசோனா பக்கம் ஸாக் கேலன், மெரில் கெல்லி என்று நம்பத்தக்க இருவர். அகலம் கிடையாது. ஆனால் நாள் விட்டு நாள் ஆடும் குறுந்தொடரில் இரண்டரைப் பேர் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம். அந்த அரை ஆளாக நான் நினைத்தது பிராண்டன் ஃபாட் என்ற புதுப் பையனை. பிறகு அவர் எனக்குச் செய்த அவமானம் தனிக் கதை.

இப்படி எழுதிக்கொண்டு போனால் நான் என்னவோ தீர்க்கதரிசி மாதிரி இருக்கிறது. நடந்த பிறகு யார்தான் இதைச் சொல்ல மாட்டார்கள்! முதல் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கெர்ஷா அந்த வருடம் 13 வெற்றி, 5 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.46 ரன்தான் கொடுத்திருந்தார். எதிரே கெல்லி. அமெரிக்காவில் இடம் கிடைக்காமல் நாலு வருடம் கொரியாவில் வீசிவிட்டு, முப்பது வயதில் மேஜர் லீகுக்கு வந்தவர். டாட்ஜர்ஸுக்கு எதிராக அதுவரை அவருடைய கணக்கு வெற்றி 0, தோல்வி 11. இந்த இரண்டு வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கெல்லியின் பக்கம் பந்தயம் கட்ட எந்தக் கணக்கும் சொல்லாது. நானும் கட்டவில்லை.

நம்மூரில் அது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. காபியை ஆற்றிக்கொண்டே பார்க்கிறேன். கெட்டெல் மார்ட்டே ஓர் அடி, கோர்பின் கேரல் ஓர் அடி, டாமி ஃபாம் ஓர் அடி, கிறிஸ்டியன் வாக்கர் ஓர் அடி, அப்புறம் கேப்ரியல் மொரேனோ மூன்று ரன் ஹோம் ரன். ஒருவர்கூட அவுட் ஆகவில்லை, 5–0. கெர்ஷா எடுத்தது ஒரே ஓர் அவுட், கொடுத்தது ஆறு ரன். அவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அடுத்த மாதம் அந்தத் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கெல்லியோ ஆறு இன்னிங்ஸைத் தாண்டி வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 11–2.

அடுத்த இரண்டும் 4–2, 4–2. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து டாட்ஜர்ஸின் ஸ்டார்ட்டர்கள் மூவரும் எடுத்தது 14 அவுட், கொடுத்தது 13 ரன். தொடர் முழுக்க ஒரு நிமிடம்கூட டாட்ஜர்ஸ் முன்னிலையில் இல்லை. மட்டையாளர்களும் கைவிட்டார்கள். மூக்கி பெட்ஸ் 11 முறை முயன்று ஒரு அடியும் இல்லை, ஃப்ரெடி ஃப்ரீமன் 10க்கு ஒன்று. இதை எந்த முன்னோட்டமும் சொல்லியிருக்க முடியாது. ஸ்டார்ட்டர்கள் பலவீனம் என்பதைச் சொல்லியிருக்கலாம். பெட்ஸும் ஃப்ரீமனும் ஒரே வாரத்தில் தூங்கிப்போவார்கள் என்பதை ஜோசியரும் சொல்ல மாட்டார்.

ஓய்வினால் துருப்பிடித்துவிட்டார்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். 2022இல் வந்த புதிய முறைப்படி, மேஜர் லீகுக்குள் இருக்கும் இரண்டு லீகுகள் ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் ஆரம்பச் சுற்றை ஆட வேண்டாம். ஐந்து நாள் சும்மா இருக்கலாம். அந்த வருடம் 111 ஆட்டம் ஜெயித்த டாட்ஜர்ஸ், 89 ஜெயித்த சான் டியாகோவிடம் விழுந்தார்கள். 2023இல் 100க்கு மேல் போன அட்லாண்டாவும் பால்டிமோரும் இவர்களோடு சேர்ந்தே விழுந்தன. மூன்று பெரிய அணிகளும் சேர்ந்து ஜெயித்தது ஒரே ஆட்டம். கேட்க நல்ல வாதம்தான். ஆனால் அதே இரண்டு வருடமும் ஹியூஸ்டன் அதே ஓய்வை எடுத்துக்கொண்டு வந்து ஜாலியாக ஜெயித்ததே. எனக்கு இந்தத் துருக் கதையில் நம்பிக்கை இல்லை. நடந்ததற்குக் காரணம் வேண்டும் என்பதால் பிறந்த காரணம் அது. இந்த ஓய்வே இல்லாத 1906இல், 116 ஆட்டம் ஜெயித்த சிகாகோ கப்ஸ், அடிக்கவே தெரியாதவர்கள் என்று கிண்டல் செய்யப்பட்ட பக்கத்துப் பேட்டை ஒயிட் சாக்ஸிடம் தோற்றதற்கு என்ன சொல்வது? 2006இல் 83 வெற்றியோடு வந்த செயின்ட் லூயிஸ் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனதற்கு?

என் வாதத்திலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு, நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் நானே காட்டிவிடுகிறேன். அடுத்த வருடம், 2024இல், டாட்ஜர்ஸுக்கு ஸ்டார்ட்டர் பஞ்சம் இன்னும் மோசம். சான் டியாகோவுடன் தோற்றால் வெளியேற வேண்டிய நாலாவது ஆட்டத்தில் ஸ்டார்ட்டர் என்று சொல்லிக்கொள்ளவே ஆளில்லாமல், எட்டு பிட்சர்களைத் துண்டு துண்டாகப் போட்டு 8–0 என்று ஜெயித்தார்கள். அப்படியே போய், பட்டத்துக்கான இறுதித் தொடரான உலகத் தொடரையும் வென்றார்கள். அகலம் அக்டோபரில் உதவாது என்று மேலே நான் அடித்துச் சொன்னதை அந்த ஓர் இரவு பாதியாக வெட்டிவிட்டது.

அதனால் தவறாக எழுதியவர்களை ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு: யார் ஜெயிப்பார் என்பதற்காகப் படிக்காதீர்கள். அது பட்டியலைப் பார்த்தாலே தெரியும். சின்ன அணிக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது, எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்று சொல்கிறாரா பாருங்கள். அதைச் சொல்லிவிட்டு டாட்ஜர்ஸ் என்று முடித்திருந்தால், அவர் எழுதியது சரியான முன்னோட்டம்தான், முடிவு எப்படி வந்தாலும்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்த 100 வெற்றிக்கு விலை உண்டு. மூன்று ஆட்ட ஆரம்பச் சுற்றை ஆடாமல் தப்பிக்கலாம். அரிசோனா அதை மில்வாக்கி போய் ஆடி, இரண்டு நாளும் பின்தங்கியிருந்து மேலே வந்து ஜெயிக்க வேண்டியிருந்தது. ஐந்தில் மூன்று ஆட்டம் சொந்த மைதானத்தில் ஆடலாம். அவ்வளவுதான் விலை. குறைவு என்று நினைத்தால் நானும் அவள் கட்சி.

மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லையே! மூன்றாவது இன்னிங்ஸில் பெர்டோமோ, மார்ட்டே, வாக்கர் மூவரும் லின்னை ஆளுக்கொரு ஹோம் ரன் அடித்துத் தூக்கிவிட்டார்கள். நாலாவதாக மொரேனோ அடித்ததை முதலில் ஹோம் ரன் என்று அறிவித்து, பிறகு திரையில் பார்த்துவிட்டு இல்லை, கோட்டுக்கு வெளியே என்று திருப்பிவிட்டார்கள். அவர் மறுபடி நின்று, இந்த முறை யாரும் சந்தேகப்பட முடியாத இடத்துக்கு அடித்தார். பிளே ஆஃப் வரலாற்றில் ஒரே இன்னிங்ஸில் ஓர் அணி நாலு ஹோம் ரன் அடித்தது அதுதான் முதல் தடவை. ஆட்டம் முடிந்ததும் உங்கள் பையன்கள், மைதான வேலிக்குப் பின்னால் இருக்கும் அந்த நீச்சல் குளத்தில் உடையோடு குதித்தார்கள். 2013இல் டாட்ஜர்ஸ் அதே குளத்தில் குதித்து உங்கள் ஊர்க்காரர்களைக் கடுப்பேற்றியது நினைவிருக்குமே.

எனக்குக் கிடைத்தது டிவியில் தெரிந்த துண்டுதான். நீங்கள் உள்ளே இருந்தவர்கள். மொரேனோவின் முதல் அடியைத் திருப்பியபோது அரங்கில் என்ன சத்தம் கேட்டது, இரண்டாவதற்கு உங்கள் மகள் என்ன செய்தாள் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். போடுகிறேன்.

அன்புடன்.