கேரவன் வாங்கலாமா என்று கேட்பவருக்கு: அந்தப் பெட்டியை யார் தூக்குவது?

கேள்வி: "ஓய்வு பெறப் போகிறேன். பழைய வேன் ஒன்றை வாங்கி கேரவனாக மாற்றி, மனைவியோடு கேரளா பக்கம் சுற்றலாம் என்று ஆசை. வாங்கலாமா? பராமரிப்பு கஷ்டமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்."

கேள்வியில் 'மனைவியோடு' என்று ஒரு சொல் இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் அப்படிப்பட்ட ஒரு மனைவி. செங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, கோவையில் ஒரு பட்டறையில் விட்டு கேரவன் ஆக்கினார். நாலு வருடமாகிறது. வண்டியை அவர் ஓட்டுகிறார், உள்ளே குடித்தனம் நான் செய்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கேரவன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை வாசித்துவிட்டு 'பொம்பளைங்க எதுக்கும் முட்டுக்கட்டை' என்று யாரும் வரிந்து கட்டிக்கொண்டு வர வேண்டாம். எனக்கும் அந்த வண்டி பிடிக்கும். ஆனால் நீங்கள் வாங்கப்போவது இன்னொரு வீடு. ஒரு வீட்டைக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து, சாக்கடை பார்த்து அலுத்துப்போன ஒருத்தியிடம் இன்னொரு வீட்டை, அதுவும் ஆடுகிற வீட்டைக் கொடுக்கிறீர்கள். அவர்களிடம் கேட்டீர்களா? கேள்வியில் அது இல்லையே.

எங்கள் முதல் பெரிய பயணம் ஆடி மாதத்தில். புனலூரில் என் சித்தி இருக்கிறார். 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்தான். இங்கே பிரானூர் பார்டர் என்று பரோட்டாவுக்குப் பேர் போன இடம் இருக்கிறதே, பழைய எல்லை அங்கேதான் இருந்தது. அதனால் எங்களுக்கு மலைக்கு இந்தப் பக்கமும் சொந்தம், அந்தப் பக்கமும் சொந்தம். புளியரை ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு தாண்டி, தென்மலை பக்கத்தில் சித்தி மகனின் ரப்பர் தோட்டத்தில் இரண்டு ராத்திரி, அப்புறம் சித்தி வீடு என்று திட்டம்.

நாங்கள் போன நேரம் இரண்டு நாளும் மழை விடவே இல்லை. செங்கோட்டையில் விழுவது சாரல். கோட்டைவாசலைத் தாண்டினால் அதற்குப் பெயரே வேறு. முதல் ராத்திரி இரண்டு மணிக்கு என் காலில் சொட்டு விழுந்தது. விளக்கைப் போட்டால், கால்மாட்டுப் பக்கம் கூரை ஒட்டுப்பலகை உப்பி நிற்கிறது. கூரையில் காற்றாடி வைக்க வெட்டிய துளையோ தலைமாட்டுப் பக்கம். நாங்கள் கால்மாட்டில் கிண்ணம் வைத்துவிட்டு, அங்கேதான் ஓட்டை என்று அங்கேயே தேடிக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, கம்பி வழியாக ஓடி, வேறோரிடத்தில் சொட்டும். இது தெரியாமல் பாதி ராத்திரி போனது.

காலையில் வண்டியை எடுக்கலாம் என்றால் இஞ்சின் கிர்ர்ர் என்றுகூடச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க விளக்கு, ஃபேன், இவர் பார்த்த டிவி. வீட்டுக்கு ஒரு பேட்டரி, இஞ்சினுக்கு ஒரு பேட்டரி என்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பட்டறைக்காரர்கள் இரண்டையும் நேரடியாக வயரால் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஒன்று இறங்கியபோது மற்றதையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. கூரையில் 200 வாட் சோலார் இருக்கிறதே என்கிறீர்களா? ரப்பர் மர நிழலில், கார்மேகத்துக்குக் கீழே அது சும்மா கண்ணாடிதான். தோட்டத்துக்காரர் ஜீப்பைக் கொண்டுவந்து வயர் போட்டு உயிர் கொடுத்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு அந்தக் காலை எவ்வளவு அவமானம் என்று சொல்லத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய அவமானம் எனக்குக் காத்திருந்தது.

கேரவன் கழிப்பறையின் அடியில் இழுத்து எடுக்கிற மாதிரி ஒரு பெட்டி இருக்கும். எங்களுடையது 20 லிட்டர். நிறைந்தால் 20 கிலோவுக்குக் குறையாது. இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் வரும் என்றார்கள். மழையில் வெளியே எங்கும் போக முடியாததால் இரண்டாம் நாளே சிவப்பு அடையாளம் வந்துவிட்டது. 'ஏட்டி, சித்தி வீட்ல பாத்துக்கலாம்' என்றார் இவர். சித்தி வீட்டுக்குப் போனால், எத்தனையோ வருடம் கழித்து வந்த மகள் என்று அப்பமும் கடலைக்கறியும் மேசையில் ஆவி பறக்கிறது. நான் வாசலில் நின்று, 'சித்தி, ஒங்க கக்கூஸ்ல ஒண்ணு ஊத்திக்கிடட்டா?' என்று கேட்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூடத்தைக் கடந்து நடந்த பதினைந்து அடி இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகிறது. இவர் எங்கே என்றால், வெளியே டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினிமார் இன்றைக்கு வரை, 'என்ன, பெட்டி கொண்டாந்திருக்கியா?' என்றுதான் என்னை வரவேற்கிறார்கள்.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். வண்டிச் சாவி யார் கையில் இருக்கிறதோ, பெட்டியும் அவர் கையில். அதன்பிறகு பாருங்கள், பெட்டி நிறைவதே குறைந்துவிட்டது. பகலில் பெட்ரோல் பங்க், ஓட்டல் என்று நிறுத்தி அங்கேயே போய்விடுகிறார். ராத்திரி அவசரத்துக்கு மட்டும்தான் வண்டிக் கழிப்பறை. உண்மையில் அதுதான் சரியான முறையும்கூட. பெட்டியில் ஊற்றுகிற மருந்திலும் கவனம் வேண்டும். ஃபார்மலின் வகை மருந்து ஊற்றினால் நாற்றம் போகும், ஆனால் அதை ஒரு வீட்டு செப்டிக் டேங்கில் கொட்டினால் அங்கே வேலை செய்கிற நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். சொந்தக்காரர் வீட்டில் கொட்டிவிட்டு அவர்கள் டேங்கையும் கெடுத்தால் அடுத்த முறை அப்பம் கிடைக்காது. பாத்திரம் கழுவின தண்ணீரும் அப்படித்தான். குழாயைத் திறந்து ரோட்டில் விட்டுக்கொண்டே போகாதீர்கள். ஒரு கேனில் பிடித்து, கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டுங்கள்.

2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. கரண்டு, தண்ணீர், கழிவு கொட்டும் வசதியோடு கேரவன் பூங்காக்கள் வர வேண்டும் என்பது அதில் முக்கியமான விஷயம். அதை நம்பிக் கிளம்புகிறவர்கள் போகிற வழியில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, போன் செய்து உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். நாங்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள் தோட்டம், கோயில் வண்டி நிறுத்துமிடம் என்று கேட்டுத்தான் நிறுத்துகிறோம். காட்டு ரோட்டோரம் ராத்திரி தங்குவதே கிடையாது.

கூரை கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அது என் பெருமை. அந்த ரப்பர் தோட்டத்தில் மழைக்காலத்திலும் பால் எடுக்க மரத்தில் வெட்டின இடத்துக்கு மேலே பிளாஸ்டிக்கில் சுருக்கு வைத்துக் கட்டியிருந்தார்கள். தையல்காரி கண்ணுக்கு அது பாவாடை. மரத்தில் வழிகிற தண்ணீர் அந்தப் பாவாடை மேல் விழுந்து வெளியே போய்விடுகிறது. மேல் விளிம்பில் தார் மாதிரி ஒரு பசை. பட்டறைக்காரர்கள் எங்கள் காற்றாடியைச் சுற்றி வெறும் சிலிக்கானை ஓரத்தில் பிதுக்கிவிட்டிருந்தார்கள். வெயிலில் அது ஓரம் விட்டுப் போயிருந்தது. ஊருக்கு வந்ததும் நானே ஏணி போட்டு ஏறினேன். பழைய சிலிக்கானை ஒரு பொட்டு விடாமல் சுரண்டினேன். அதன் மேலேயே புதுசைப் போட்டால் ஒட்டாது. காற்றாடியின் சட்டத்தைக் கழற்றி அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி ஒட்டுகிற நாடா) கொடுத்து, திருகாணி முடுக்கி, அதற்கு மேலே பூச்சு. சோதிக்கும்போது ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும், இன்னொருவர் வெளியே கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். எடுத்ததும் உச்சியில் அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று பிடிக்கவே முடியாது. வருடா வருடம் வைகாசியில் இதைச் செய்துவிடுகிறேன். அப்புறம் ஒரு சொட்டு வந்ததில்லை.

கரண்டு விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் பெருக்கிப் பார்க்க 1800 வாட் மணி. சாதாரண ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும், ஆக 900-தான் கணக்கு. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு வைக்கலாமே என்று ஒருவர் எங்களுக்கு யோசனை சொன்னார். 12 வோல்ட்டில் அது 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விரல் தடிமன் வயர் வேண்டும், அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். லித்தியம் பேட்டரி போட்டால் இன்னும் ஆழமாக இறக்கலாம், எடையும் குறைவு, விலைதான் கூடுதல். எதைப் போட்டாலும் இஞ்சின் பேட்டரியை வீட்டு பேட்டரி இழுக்காதபடி நடுவில் ஐசொலேட்டர் வைத்தாகிவிட்டதா என்று பட்டறையில் நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சமையலுக்கு அதனால் கேஸ்தான். கேஸ் காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையில் படியும். அதனால் தரையோரம் வெளியே போக ஒரு துளை கட்டாயம். அதன் வழியே கரப்பான் வருகிறது என்று இவர் துணி வைத்து அடைத்திருந்தார்! அதைப் பிடுங்கிவிட்டு இரும்பு வலை அடித்தேன். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். மழை என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு அடுப்பு எரிக்கவே கூடாது.

ஓட்டுவது பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அதில் இவர்தான் ராஜா. மலை ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் புளியரை எஸ் வளைவு வருவதற்குள் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் என்பார். நியூட்ரலில் இறக்குகிறவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்திவிட்டுத் திட்டுவார். 100 லிட்டர் தொட்டி நிறையத் தண்ணீர் என்றால் 100 கிலோ, அதனால் கால்வாசியோடு மலையேறி, போன இடத்தில் நிரப்பிக்கொள்கிறோம். டயர் தேய்ந்து போகும் முன்னால் வயதாகிப் போகும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இல் 23-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடச் சொல்வார்.

இதை எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்கும் புனலூருக்கும் 1904-இலேயே ரயில் வந்துவிட்டது. கழுதுருட்டியில் அந்தப் பதிமூன்று கண் பாலத்தில் மீட்டர்கேஜ் வண்டி போகும்போது ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டு வளர்ந்தவள் நான். 2010-இல் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று நிறுத்தினார்கள். மறுபடி பாதை முழுக்க வண்டி ஓட 2018 ஆனது. எட்டு வருடம்! எனக்கோ பஸ்ஸில் மலையேறினால் வாந்தி. பஸ் டிரைவர் பெண்டாட்டி என்று சிரிப்பார்கள். அந்த எட்டு வருடத்தில்தான் என் அம்மா புனலூரில் சித்தி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நான் போனது எத்தனை முறை என்று கைவிரலில் எண்ணிவிடலாம். யாரிடம் போய்க் கேட்பது இதை? வண்டி வாங்கப் போகிறேன் என்று இவர் சொன்னபோது நான் தடுக்காததற்குக் காரணம் அதுதான். படுத்துக்கொண்டே மலையேறினால் எனக்கு வாந்தி வராது என்று நினைத்தார், பாவம். (ஓடுகிற வண்டியில் படுக்கக் கூடாது. முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் எனக்கு வாந்தி வருவதில்லை.)

சரி, காகிதம். வேனை வாங்கி இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கிச் சொன்னதும் கேரளாவிலிருந்து போன வழக்கில்தான். அதனால் பட்டறையில் விடும் முன் ஆர்.டி.ஓ. அனுமதி, முடிந்தபின் ஆர்.சி.யில் பதிவு, இன்சூரன்ஸுக்குத் தகவல். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டு மாதத் தவணை கட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 'சும்மாதானே நிக்கு' என்று கேட்டு வருகிற மச்சினன்மார்களுக்கும் இதையே சொல்லுங்கள். எனக்கு இரண்டு பேர் இன்னும் பேசுவதில்லை.

சும்மா நிற்கிறது என்பதும் பொய். நிற்கிற வண்டிக்குத்தான் வேலை அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்து கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி போகும், எலி வயரைக் கடிக்கும். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். மழைப் பயணம் போய்வந்தால் எல்லா மூடியையும் திறந்து, மெத்தையை வெளியே எடுத்து, இரண்டு நாள் வெயில் காட்ட வேண்டும்.

போன வாரம் அச்சன்கோவில் போய்வந்தோம். மெத்தை இப்போது மொட்டை மாடியில்தான் கிடக்கிறது. சாரல் விழுகிற சத்தம் கேட்கிறது, இவர் தூங்குகிறார். எடுத்துப் போட்டுவிட்டு வருகிறேன், வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் உங்கள் மனைவியைக் கேட்கச் சொல்லுங்கள்.