நெல் இலைச் சாற்றில் ஊதா நிறம் வராதது ஏன்?

வணக்கம். ஜெர்மின் என்ற செடிப் புரதத்தைப் போன்ற ஒரு புரதத்தைத் தேடி, நெல் இலைச் சாற்றில் ஆக்சலேட்டும் (ஆக்சாலிக் அமிலத்தின் உப்பு) சாயமும் கலந்த கரைசலை ஊற்றியும் நிறம் மாறவில்லை, மாதிரி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெட்டிருக்க வேண்டியதில்லை. கோதுமை முளையில் கிடைத்த அசல் ஜெர்மின்தான் ஆக்சலேட்டை உடைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு தரும்; அந்தப் பெராக்சைடு இருந்தால்தான் சாயம் ஊதாவாகும். ஜெர்மினின் இந்த வேலை 1993இல்தான் தெரியவந்தது. ‘ஜெர்மின் போன்ற’ புரதங்களில் பல இதைச் செய்யாது. சில, சூப்பராக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவத்திலிருந்து பெராக்சைடு உண்டாக்கும். அந்தப் பெராக்சைடுதான் செல்சுவரை இறுக்கிப் பூஞ்சையைத் தடுக்க உதவுகிறது. நெல்லின் 8ஆம் குரோமோசோமில் இப்படிப்பட்ட புரதங்களுக்கான 12 மரபணுக்கள் ஒரே கொத்தாக இருக்கின்றன. அவற்றின் செயலை ஒடுக்கிய செடிகளில் குலை நோய் என்ற பூஞ்சை நோய் அதிகமானது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது!

முதலில், ஆக்சலேட்டை உடைக்கும் ஜெர்மின் உள்ள பார்லி நாற்றின் வேரைத் துண்டாக்கி அதே கரைசலில் போடுங்கள். அது ஊதாவானால் உங்கள் கரைசல் சரி. பிறகு நெல் சாற்றைக் கொதிக்க வைக்காமல் புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, என்பிடி (NBT) சாயம் ஏற்றிப் பாருங்கள்: கருநீலத்தில் வெளிறிய பட்டை தெரிந்தால் அங்கே சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் வேலை, அதாவது சூப்பராக்சைடைப் பெராக்சைடாக்கும் நொதி வேலை, நடக்கிறது. வேறு டிஸ்மியூட்டேஸ்களும் பட்டை தரும், கவனம். இன்னொன்று, ஜெர்மின் சூட்டை நன்றாகத் தாங்கும். அதனால் வேகவைத்த சாற்றை கண்ட்ரோலாக (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியாக) நம்பாதீர்கள். ஆக்சலேட் சேர்க்காத குழாய் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள்.